வாசகர் கேள்வி பதில்: எண்ணெய் அறிக்கையில் அகப்படாத துகள்கள்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, பயன்படுத்திய என்ஜின் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பது பற்றியே அமைந்திருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கான விடை நீளமானது. மற்றவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: சிங்கப்பூரின் பெஞ்சுருவில் உள்ள ஓர் இழுவைப் படகு நிறுவனத்தில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் படகு ஒன்றின் ஜெனரேட்டர் என்ஜினில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, ஒவ்வொரு முறையும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி வருகிறோம். கடைசி மூன்று அறிக்கைகளிலும் இரும்பு 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழேயே இருந்தது. ஈயமும் செம்பும் 5 பிபிஎம்மைத் தாண்டவில்லை. மூன்றாவது அறிக்கை கைக்கு வந்த பதினோராம் நாள் எண்ணெய் அழுத்தம் சரிந்தது. என்ஜினைத் திறந்து பார்த்தபோது கனெக்டிங் ராடு பேரிங் ஒன்று செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. முதலாளி ஆய்வகத்தைத் திட்டுகிறார். ஆய்வகமோ நாங்கள் மாதிரி எடுத்த விதம் சரியில்லை என்கிறது. யார் மீது தவறு, ஐயா?

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய அறிக்கை நகலின் மேல் ஓரத்தில், சோதனை முறை ஐசிபி என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்தக் கருவி தன்னால் காண முடிந்ததைச் சரியாகவே அளந்து சொல்லியிருக்கிறது. உங்கள் பேரிங்கிலிருந்து பெயர்ந்தவையோ அதனால் காண முடியாத அளவுள்ளவை.

ஐசிபி முறையில் உங்கள் எண்ணெயில் ஒரு சிறு பங்கை எடுத்து, மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பானைச் சேர்த்து ஏறத்தாழப் பத்து மடங்கு நீர்க்கச் செய்வார்கள். அதை நுண்ணிய தூறலாகத் தெளித்து, ஆர்கான் வாயுவில் உண்டாக்கிய பிளாஸ்மாவுக்குள் செலுத்துவார்கள். அங்கே வெப்பநிலை 6000 முதல் 10000 கெல்வின் வரை இருக்கும். ஒவ்வோர் உலோகமும் அந்தச் சூட்டில் அணுக்களாகப் பிரிந்து தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை வெளியிடும். அந்த ஒளியின் அளவைக் கொண்டு எத்தனை பிபிஎம் என்று கணக்கிடுவார்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்ற சேர்க்கைப் பொருள்களுக்கு இது மிகத் துல்லியமான முறை. திடத் துகள்கள் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தெளிப்பு அறையில் பெரிய துளிகள் சுவரில் மோதி வடிந்து கழிவுக் குழாய்க்குப் போய்விடும். நுண்துளிகள் மட்டுமே பிளாஸ்மாவை எட்டும். பெரிய துகள் பெரிய துளியோடு சேர்ந்து வெளியேறிவிடும். எப்படியோ தப்பி உள்ளே நுழைந்தாலும், அது பிளாஸ்மாவைக் கடக்க எடுத்துக்கொள்ளும் சில மில்லி விநாடிகளில் முழுதும் ஆவியாகாமல் மறுபக்கம் போய்விடும். ஆகவே ஐசிபி நம்பத்தக்க விதத்தில் காண்பது சுமார் 3 முதல் 5 மைக்ரான் வரையிலான துகள்களைத்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த எல்லையைச் சுவர் போல எண்ண வேண்டாம். இது ஒரு சரிவு. துகள் பெரிதாகப் பெரிதாகக் கருவி அதில் காணும் பங்கு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும்.

இந்த அளவுகளைக் கண்முன் கொண்டு வருவோம். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நல்ல வெளிச்சத்தில் நல்ல பார்வை உடையவர் வெறுங்கண்ணால் காணக்கூடிய மிகச் சிறிய துகள் 40 மைக்ரான் அளவுள்ளது. கருவியின் பார்வை 5 மைக்ரானில் முடிகிறது. உங்கள் பார்வை 40-இல் தொடங்குகிறது. இடைப்பட்ட பகுதியை அறிக்கையும் காட்டுவதில்லை, எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்க்கும் அனுபவசாலியும் காண்பதில்லை. ஒரு பாகம் கெட ஆரம்பிக்கும்போது முதலில் நிரம்புவது அந்த இடைவெளிதான். சீராக ஓடும் என்ஜினில் சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் உரசுவதால் உதிர்பவை பெரும்பாலும் சில மைக்ரானுக்கு உட்பட்ட மெல்லிய செதில்கள். உலோகம் சோர்ந்து குழி விழும்போதும், எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உராயும்போதும், 15, 20, 50 மைக்ரான் என்று துண்டுகள் பெயரும். சாதாரணத் தேய்மானத்தை அறிக்கை நன்றாகக் கணக்கு வைத்திருக்கும். அசாதாரணமானது அதன் கணக்கில் பாதிக்கு மேல் விழுவதே இல்லை.

இத்துடன் இன்னொரு கணக்கும் உண்டு. பிபிஎம் என்பது எடைக் கணக்கு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிலோ எண்ணெயில் ஒரு மில்லிகிராம் உலோகம். உங்கள் ஜெனரேட்டரின் அடித்தொட்டியில் 40 லிட்டர், அதாவது ஏறத்தாழ 35 கிலோ எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேரிங்கின் மேற்பூச்சு ஈயக் கலவையால் ஆனது என்றும், அதன் தடிமன் வழக்கமான 20 மைக்ரான் என்றும் கொண்டால், ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு செதிலின் எடை சுமார் 0.2 மில்லிகிராம். அப்படி நூறு செதில்கள் பெயர்ந்தால் மொத்தம் 20 மில்லிகிராம். அந்த நூறையும் யாரோ அரைத்துப் பொடியாக்கி எண்ணெயில் கலந்துவிட்டார்கள் என்றே வையுங்கள். அப்போதும் ஈயத்தின் அளவு 0.6 பிபிஎம்தான் கூடும். 4 பிபிஎம் 4.6 ஆனதை யார் கவனிப்பார்? நூறு செதில் பெயர்ந்த பேரிங்கை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அது எந்த நிலையில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதோடு, அந்தச் செதில்கள் பெரும்பாலும் மாதிரிப் புட்டிக்கு வந்து சேர்வதில்லை. முழு ஓட்ட வடிகட்டி அவற்றை முதல் சுற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மிச்சம் அடித்தொட்டியின் மூலையில் தங்கிவிடும்.

இனி மாதிரி எடுத்த விதம் பற்றி ஆய்வகம் சொன்னதற்கு வருகிறேன். என்ஜினை நிறுத்தி, எண்ணெய் ஆறிய பின், வடிகால் அடைப்பானைத் திறந்து புட்டியில் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது சரியான முறையன்று. என்ஜின் இயங்கும் சூட்டில் இருக்கும்போதே, வடிகட்டிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எடுக்க வேண்டும். அதற்கென ஒரு சிறு வால்வு பொருத்திக்கொள்வது பெரிய செலவன்று. ஆனாலும், நீங்கள் முறைப்படி எடுத்திருந்தால் அறிக்கை பேரிங்கைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மேலே சொன்ன கணக்கு மாதிரி எடுக்கும் முறையால் மாறப்போவதில்லை.

புட்டிக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஏஇ 40 எண்ணெயில், நம்மூர் அறை வெப்பத்தில், 50 மைக்ரான் இரும்புத் துகள் ஒன்று 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க முக்கால் மணி நேரம் போதும். அதே ஆழத்தை 5 மைக்ரான் துகள் கடக்க மூன்று நாள் பிடிக்கும். 1 மைக்ரான் துகளோ இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். புட்டி பெஞ்சுருவிலிருந்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், உங்களுக்கு வேண்டிய துகள்கள் அடியில் படிந்துவிட்டன. ஆய்வகத்தில் நன்றாகக் குலுக்கித்தான் எடுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் கரைப்பானில் நீர்த்த பிறகு எண்ணெயின் பிசுபிசுப்பு போய்விடுவதால், அதே 50 மைக்ரான் துகள் சோதனைக் குழாயின் அடியைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. குழாய் தன் முறை வரும்வரை தட்டில் காத்திருக்கும். புட்டியைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். முக்கால் பங்கோடு நிறுத்தினால்தான் குலுக்க இடம் இருக்கும். கப்பலில் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்த புதிதில், தளும்பத் தளும்ப நிரப்பி அனுப்பிய புட்டிகளுக்காக நான் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே முதலாளியிடம் சொல்ல வேண்டியது இதுதான்: ஆய்வகம் பொய் சொல்லவில்லை, நீங்களும் பெரிய தவறு செய்யவில்லை, அறிக்கையால் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியை எல்லோரும் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆய்வகத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் பச்சை நிறமிட்டு, தேய்மானம் இயல்பாக உள்ளது என்று அச்சிட்டிருக்கிறார்கள். 5 மைக்ரானுக்கு உட்பட்ட தேய்மானத் துகள்கள் இயல்பான அளவில் உள்ளன என்று எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்.

கேள்வி: துவாஸில் வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனம் சென்ற ஆண்டு ஆய்வகத்தை மாற்றியது. பழைய ஆய்வகத்தின் அறிக்கைகளில் இரும்பு 45 முதல் 50 பிபிஎம் வரை இருந்த டீசல் என்ஜினுக்குப் புதிய ஆய்வகம் 31 என்கிறது. எண்ணெய் வகையும் ஓடிய மணி நேரமும் மாறவில்லை. என்ஜின் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களிலும் முறையின் எண் இருக்கிறது. பழையது, சோதனை முறைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி 6595. புதியது ஏஎஸ்டிஎம் டி 5185. பின்னது நாம் மேலே பார்த்த ஐசிபி. முன்னதில் எண்ணெயை நீர்க்கச் செய்வதில்லை. சுழலும் கார்பன் தட்டு ஒன்று சிறு கிண்ணத்தில் உள்ள எண்ணெயைத் தொட்டுத் தொட்டு மேலே கொண்டுவர, அதற்கும் ஒரு கார்பன் குச்சிக்கும் இடையே பாயும் மின்பொறியில் எண்ணெய் அரை நிமிடம்போல எரிகிறது. தெளிப்பு அறையின் சல்லடை இங்கே இல்லாததால், இம்முறை சுமார் 8 முதல் 10 மைக்ரான் வரையிலான துகள்களைக் காணும்.

இரண்டு கருவிகளும் சரியாக வேலை செய்தும் இரண்டு எண்கள் வருவது இதனால்தான். உங்கள் எண்ணெயில் உள்ள இரும்பு முழுவதும் 2, 3 மைக்ரான் தூளாக இருந்திருந்தால் எண்கள் நெருங்கியிருக்கும். 14 முதல் 19 பிபிஎம் வரை வேறுபடுவதைப் பார்த்தால், 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட துகள்கள் அதில் கணிசமாக உள்ளன என்று ஐயப்பட இடம் இருக்கிறது. ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்களுக்கும் பகிர்ந்து அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதே முறை. அதுவரை பழைய எண்களையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் இணைத்துக் கோடு இழுக்காதீர்கள். புதிய முறைக்குப் புதிய வரைபடம் தொடங்குங்கள். ஆய்வகத்தை மாற்றும்போது கட்டணத்தை ஒப்பிடுகிறவர்கள் இந்த முறை எண்ணை ஒப்பிடுவதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எண்ணெயில் உலோகத்தைத் தேடும் இந்தப் பழக்கம் கப்பலில் தொடங்கியதன்று. 1940-களில் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் இரயில்வே தன் டீசல் இன்ஜின்களுக்காகச் செய்ததை, 1955-இல் அந்நாட்டுக் கடற்படை விமான என்ஜின்களுக்கு எடுத்துக்கொண்டது. அக்காலத்திலேயே பெரிய துகள்கள் நழுவுவது தெரிந்த சங்கதிதான். அதற்கு மாற்றாகவே 1970-களில், காந்தத்தின் மேல் சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டில் எண்ணெயை ஓடவிட்டு, அதில் படியும் துகள்களை நுண்ணோக்கியில் பார்க்கும் ஃபெரோகிராஃபி வந்தது. அதில் அளவு மட்டுமன்றி வடிவமும் தெரியும். கடைசல் இயந்திரத்தில் சுருண்டு விழும் சீவல் போன்ற துகளைக் கண்டால், மண்ணோ முரடான விளிம்போ உலோகத்தை அறுக்கிறது என்று பொருள். கோடுகள் விழுந்த தட்டையான துகள் கடும் உராய்வைச் சொல்லும்.

கேள்வி: எங்கள் அறிக்கையில் பிகியூ என்று அலகு எதுவும் இல்லாத ஓர் எண் வருகிறது. எண்ணெய்த் தொட்டியின் அடைப்பானில் காந்தம் பொருத்தியிருக்கிறோம். இவை இரண்டும் இருந்தால் பெரிய துகள் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எங்கள் தலைமைப் பொறியாளர் சொல்கிறார். சரியா?

பதில்: இரும்பைப் பொறுத்தவரை உங்கள் தலைமைப் பொறியாளர் பெருமளவுக்குச் சரி. பிகியூ கருவி புட்டியில் உள்ள எண்ணெய் ஒரு காந்தப்புலத்தை எவ்வளவு குலைக்கிறது என்று பார்க்கிறது. துகளை எரிக்கவோ ஆவியாக்கவோ தேவையில்லாததால், 5 மைக்ரானாக இருந்தாலும் 500 மைக்ரானாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மிக நுண்ணிய தூளில் மட்டும் அதன் கூர்மை குறையும்; அந்த வேலையை ஐசிபி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதில்தான் பயன் இருக்கிறது. இரும்பு பிபிஎம் கூடி பிகியூ அப்படியே இருந்தால் நுண்தேய்மானமோ துருவோ காரணமாகலாம். பிபிஎம் அசையாமல் பிகியூ மட்டும் ஏறினால், பெரிய துண்டுகள் உதிர்கின்றன. அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

ஆனால் முதல் கடிதத்தில் பெயர்ந்த பேரிங்கை நினைத்துப் பாருங்கள். ஈயம், தகரம், செம்பு, அலுமினியம் ஆகியவற்றைக் காந்தம் சீண்டுவதில்லை. பிஸ்டன் அலுமினியம், பேரிங்கின் மேற்பரப்பு ஈயமோ தகரமோ அலுமினியமோ, அதன் அடுத்த அடுக்கு பெரும்பாலும் செம்புக் கலவை. இவை பெரிய துண்டுகளாகப் பெயர்ந்தால் ஐசிபிக்கும் தெரியாது, பிகியூவுக்கும் தெரியாது, அடைப்பானில் உள்ள காந்தத்துக்கும் தெரியாது. எஃகுப் பின்தகடு வெளிப்பட்டு ஷாஃப்டோடு உரசும்போதுதான் காந்தம் விழித்துக்கொள்ளும். அப்போது செலவு பேரிங்கோடு நிற்காது. ஷாஃப்டையும் கழற்றி இறக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கப்பல் பட்டறையில் கிரேன் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு 18/16/13 என்பது போன்ற எண் தருகிறார்கள். என்ஜின் ஆயிலுக்கும் அதையே கேட்டு வாங்கினால் என்ன?

பதில்: அது ஐஎஸ்ஓ 4406 குறியீடு. ஒரு மில்லி லிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதை முறையே மூன்று எண்களும் சொல்கின்றன. ஓர் எண் கூடினால் துகள் எண்ணிக்கை இரட்டிப்பு. 18 என்றால் 1300-க்கு மேல் 2500 வரை, 13 என்றால் 40-க்கு மேல் 80 வரை. தெளிவான ஹைட்ராலிக் எண்ணெய்க்கு மிக நல்ல அளவுகோல் இது. ஆனால் டீசல் என்ஜின் ஆயில் கரியால் கறுத்திருக்கும். ஒளிக்கற்றையைத் துகள் மறைப்பதைக் கொண்டு எண்ணும் கருவி அந்த இருளில் தடுமாறும். நுண்துளை வலையை எண்ணெய் அடைக்கும் வேகத்தைக் கொண்டு எண்ணும் கருவிகள் கறுப்பு எண்ணெயிலும் வேலை செய்யும். ஆனால் எண்ணப்பட்டது இரும்பா, மணலா, கரிக்கட்டியா என்று அவை சொல்லமாட்டா. என்ஜினுக்கு அந்தப் பணத்தைப் பிகியூவில் செலவிடுங்கள். 1999-க்கு முந்தைய பழைய ஹைட்ராலிக் பதிவுகள் உங்களிடம் இருந்தால், அவ்வாண்டில் அளவுத்திருத்த முறையும் மைக்ரான் எல்லைகளும் மாறின என்பதை நினைவில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். காக்கி புக்கிட்டில் சர்வீஸ் செய்யும்போது என்ஜின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே பயனில்லையா? வடிகட்டியை வெட்டிப் பார்ப்பது என்கிறார்களே, அது எப்படி?

பதில்: சிரிக்க வேண்டியதில்லை; ஆனால் வாடகைக் காருக்கு ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேவையும் இல்லை. குளிர்விப்பு நீர் எண்ணெயில் கசிகிறதா, பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டதா, காற்று வடிகட்டி தூசியை உள்ளே விடுகிறதா என்ற ஐயம் இருந்தால் ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாம். பெரிய துகள்களுக்கு நீங்களே கேட்ட வழிதான் சிறந்தது. படகுக்காரருக்கும் இதே விடைதான்.

கழற்றிய வடிகட்டியைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிடுங்கள். இரும்பு ரம்பத்தால் அறுக்காதீர்கள். அறுக்கும்போது விழும் தூளைப் பார்த்துவிட்டு என்ஜின் போய்விட்டது என்று பதறியவர்கள் உண்டு. டின் திறப்பான் போல உருளும் சக்கரத்தால் வெட்டும் கருவி வடிகட்டிக்கென்றே கிடைக்கிறது. உள்ளிருக்கும் மடிப்புத் தாளை இரு முனைகளிலும் கத்தியால் அறுத்து, கைவிசிறி மடிப்பு போல விரியுங்கள். ஒவ்வொரு மடிப்பின் ஆழத்திலும் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் எண்ணெயின் மினுமினுப்பே எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிறகு தாளை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் விட்டு அலசி, அந்த மண்ணெண்ணெயை வெள்ளைக் காப்பி வடிதாளில் வடியுங்கள். தாள் காய்ந்ததும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை அடிப்பக்கமாக நகர்த்துங்கள். கூடவே நகர்பவை இரும்பு. நகராமல் மினுங்குபவற்றை ஊசி முனையால் அழுத்துங்கள். நசுங்கினால் அது பேரிங் உலோகமாகவோ அலுமினியமாகவோ இருக்கும், பொடிந்தால் கரி, நசுங்காமல் நழுவி ஓடினால் மணல். செம்பு நிறம் தெரிந்தால் ஊசி தேவையில்லை.

புதிய என்ஜினிலும், அண்மையில் பாகம் மாற்றிய என்ஜினிலும், முதல் வடிகட்டியில் ஓரிரண்டு மினுக்குகளைக் காண்பது வழக்கம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவை குறைய வேண்டும். தாளை நாளிட்டு, ஓடிய கிலோமீட்டரோ மணி நேரமோ எழுதி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அறிக்கையோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அலசிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயிலேயே சேர்த்துவிடுங்கள்.